கெர்னல் வெளியே வராது

கடலூரில் ஓர் அரசு அலுவலகம். எது என்று சொன்னால் என் மனு தொலைந்துவிடும், ஆகவே சொல்லப்போவதில்லை. அதன் அதிகாரி உமாசங்கர், சிதம்பரத்தில் மூன்று நாள் கணினிப் பயிற்சி முடித்துப் புது மனிதராகத் திரும்பினார்.

கணினியின் நடுவே கெர்னல் என்று ஒரு மேலதிகாரி இருக்கிறதாம். மற்ற புரோகிராம்கள் எல்லாம் பொதுஜனம். அவை ஒரு கோப்பைக்கூடத் தாமாகத் தொடக் கூடாது. தேவையை எண்ணாகச் சொல்லி அழைக்க வேண்டும். அதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். கெர்னல் யாரையும் நம்பாது. இதைக் கேட்டதும் உமாசங்கருக்குத் தன் பிறவிப் பயன் விளங்கிவிட்டது. மறுவாரமே தன் அறையைப் பிளைவுட்டால் அடைத்து, கை நுழைய ஓட்டை மட்டும் வைத்து, உள்ளே எழுந்தருளினார். வெளியே அறிவிப்பு தொங்கியது. ‘ஒன்று: மனு கொடுத்தல். இரண்டு: மனு எங்கே எனக் கேட்டல். மூன்று: காத்திருத்தல்.’ மூன்றுக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி.

திட்டக்குடி சபாபதி பதினோரு நாளாக இரண்டு பஸ் மாறி வருகிறார். மகள் தமிழ்ச்செல்விக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இன்று ஐந்து மணிக்குள் இருப்பிடச் சான்று அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

“மேடம், எம் பொண்ணு சீட்டு...”

ஓட்டையருகே அமர்ந்திருந்த எழுத்தர் கலைமணி நிமிரவில்லை. “கதையெல்லாம் வேணாங்க. நம்பர் மட்டும் சொல்லுங்க.”

“ரெண்டு.”

உள்ளிருந்து உமாசங்கர் குரல் வந்தது. “கையெழுத்து போட்டாச்சு. முத்திரை எங்க?”

முத்திரை கலைமணியின் மேசைமேல் இருந்தது. தச்சர் பலகை அடித்தபோது இந்தப் பக்கம் தங்கிவிட்டது. அதுவரை எந்த மனுவும் முத்திரை வரைக்கும் போகாததால் யாரும் கவனிக்கவில்லை.

“இங்க இருக்கு சார்.”

“எடுத்துக் குடுங்க.”

“உள்ளேர்ந்து வெளிய கேக்கறதுக்கு நம்பர் இல்லையே சார்.”

“ஆமா. கெர்னல் கால் போடக் கூடாது. கரெக்டாதான் சொல்றீங்க” என்றார் உமாசங்கர் பெருமையாக.

“நீங்களே வந்து எடுத்துக்குங்களேன் சார்” என்றார் சபாபதி.

“கெர்னல் வெளிய வராதுங்க.”

மணி நாலே முக்கால். சபாபதி முத்திரையை நோக்கிக் கை நீட்டினார். ஒரு முழத் தூரம்தான். எடுத்து ஓட்டைக்குள் கொடுத்தால் தமிழ்ச்செல்வி கல்லூரிக்குப் போவாள்.

“யோவ், பப்ளிக் அதுல கை வைக்கக் கூடாது. வரிசையில போய் நில்லு.”

பின்னாலிருந்து ஓர் அதட்டல். வரிசையே அதனோடு சேர்ந்துகொண்டது. சபாபதி கையை இழுத்துக்கொண்டு, மூன்றாம் எண் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

முதலில் அதட்டியது நான்தான். பதினாறு நாளாக ஒழுங்காக நிற்கிறேன்; பதினோரு நாள்காரர் கையை நீட்டிக் காரியத்தை முடித்துக்கொண்டால் எனக்கு வயிறு எரியாதா?

ஐந்து மணிக்கு அவர் போன் அடித்தது. மகள்தான். எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரிசையில போன் பேசக் கூடாதுங்க” என்றேன்.