கறுப்புக் கண்ணாடிக்கு யார் விழுந்தது?

பிழை திருத்தியே பிழைத்தவர் அவர். அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் புரூஃப் பார்த்துவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றார். பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவார் என்பதால், தெருவில் அவருக்குக் 'கமா' என்று பெயர். அவருடைய மனைவிக்குப் பட்டப்பெயர் வைக்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. கமா மட்டும் மனசுக்குள் 'முற்றுப்புள்ளி' என்று வைத்திருந்தார். அந்த வீட்டில் எந்தப் பேச்சும் அந்த அம்மாளிடம் வந்துதான் முடியும்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கமா எழுந்து நின்று அறிவித்தார்.

"இனிமே, தினமும், ரெண்டு வேளை, சைக்கிள் மிதிக்கப்போறேன்."

"மிதிங்க. தெருவுல வேற யாரையும் மிதிக்காம வந்தாச் சரி" என்றாள் மனைவி.

மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. நாலாம் நாள் ஒரு வண்டு வந்தது. உலகத்தில் எத்தனையோ கண் இருக்க, அது கமாவின் வலது கண்ணைத் தேர்ந்தெடுத்தது. கமா இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். சைக்கிள் அதைக் கவனிக்கவில்லை. அது பாட்டுக்கு நேராகப் போய், எதிர்வீட்டுத் தையல்காரம்மா காயப்போட்டிருந்த துணிகளுக்குள் நுழைந்து, மறுபக்கம் ஒரு புதுப் பாவாடையோடு வெளியே வந்தது. பாவாடை கமாவின் தலையில் இருந்தது.

மனைவி கண்ணைக் கழுவிவிட்டாள். கண் தக்காளியாகச் சிவந்திருந்தது. பிறகு சைக்கிளைப் பூட்டி, சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு, பையின் வாயை இழுத்து மூடினாள்.

"கண்ணாடி மாட்டுற வரைக்கும் சைக்கிள் கிடையாது."

முற்றுப்புள்ளி. ஆனால் கமா வருத்தப்படவில்லை. அவருக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. கண்ணாடி என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முப்பத்துநாலு வருஷம் பின்னால் போய்விட்டார்.

அப்போது அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சாயங்காலம் ஐந்தரைக்கு ஷிஃப்ட் முடியும். ஐந்து இருபத்தைந்துக்கே கமா அந்தத் தெருமுனையில் சைக்கிளோடு தயாராக நிற்பார். அச்சுக்கோர்ப்பவரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடி, பாதி முகத்தை மறைத்துக்கொண்டு மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்சேஞ்ச் வாசலைத் தாண்டும்போது ஹாண்டில்பாரில் ஒரு கை மட்டும்தான் இருக்கும். மாடி ஜன்னலில் ஐந்து பெண்கள் நின்று சிரிப்பார்கள். நடுவில் நிற்பவள்தான் அவள். அந்தச் சிரிப்புக்காக அவர் வெயிலிலும் மழையிலும் அந்தத் தெருவைத் தேய்த்தார். ஒருநாள் அவளே படியிறங்கி வந்து கையை நீட்டினாள். பிறகு அடிக்கடி வந்தாள். பிறகு கல்யாணம்.

"கண்ணாடியப் பாத்துதான், விழுந்தா" என்று கமா அன்றிலிருந்து பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் மறுத்ததில்லை. உதட்டோரம் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். திருத்தம் இல்லாமல் திரும்பி வந்த புரூஃப் சரியானது என்பது கமாவின் தொழில் முடிவு.

ஆகவே, கண்ணுக்குப் பாதுகாப்பு என்பது கமாவுக்கு இரண்டாம் பட்சம். மாடியிலிருந்து அந்தச் சிரிப்பு இன்னும் ஒருதரம் வேண்டும், அவ்வளவுதான். அறுபது வயதில் மனைவியிடம் போய் அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. கண்ணாடி போட்டால் கேட்காமலே கிடைக்கும் என்று நம்பினார்.

மறுநாள் இருவரும் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடிகள் மாட்டியிருந்தன. கடைக்காரர் நிதானமான மனிதர், வாத்தியார் ஆகியிருக்க வேண்டியவர்.

"இருக்கறதுலயே, நல்ல கறுப்பா ஒண்ணு, எடுங்க" என்றார் கமா.

"சார், கறுப்புக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்ல. வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கு. அதைத் தடுக்கற சக்தி லென்சுல இருக்கணும். அது இல்லாம வெறும் கறுப்பு மட்டும் இருந்தா, இருட்டுன்னு நெனச்சுக் கண்ணோட பாப்பா பெருசா விரியும். கெட்டது எல்லாம் இன்னும் தாராளமா உள்ள போகும்."

"கதவைத் தொறந்துவச்சுட்டு வாசல் விளக்கை அணைச்ச மாதிரி" என்றாள் மனைவி.

"அதேதாம்மா!"

இருவரும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள் என்பது கமாவுக்குப் புரிந்தது. கடைக்காரர் லேசான பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் காது வரைக்கும் வளைந்துபோன ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார்.

"உடையாத லென்ஸ். கல் தெறிச்சாலும் கண்ணுக்குள்ள சில்லு போகாது. ஓரத்துல இடைவெளி இல்ல பாருங்க, காத்தும் தூசியும் நுழையாது. வண்டு வந்தாலும் திரும்பிப் போயிடும். இப்ப ஹாண்டில்பாரைப் பிடிக்கற மாதிரி குனிங்க."

கமா குனிந்தார். கண்ணாடி நகரவில்லை.

"இப்ப தலையை நல்லா ஆட்டுங்க சார்."

"அதை அவருக்குச் சொல்லித்தர வேணாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து அதானே வேலை" என்றாள் மனைவி.

கமா ஆட்டினார். அப்போதும் நகரவில்லை.

"கடைசியா, வாய்விட்டுச் சிரிங்க. கன்னம் மேல ஏறி ஃப்ரேமைத் தூக்கக் கூடாது."

"இவ பக்கத்துல இருக்கும்போதா?" என்று கமா மெதுவாகக் கேட்டார். மனைவி சிரித்துவிட்டாள். பிறகு கமாவும் சிரித்தார். கண்ணாடி அசையவே இல்லை.

எல்லாப் பரீட்சையிலும் தேறிய கண்ணாடி. ஆனால் கமா நிலைக்கண்ணாடியில் பார்த்தார். எக்ஸ்சேஞ்ச் வாசலில் சைக்கிள் விட்ட வாலிபனை அங்கே காணோம். ஒரு வயசான தவளைதான் நின்றது.

"வேணாம்" என்றார். அப்போதுதான் மேஜையின் மூலையில், விற்காமல் கிடந்த பழைய சரக்குக்கு நடுவே, அதைப் பார்த்தார். அதே பெரிய வட்டம், அதே கறுப்பு. எடுத்து மாட்டினார். குனியும் முன்பே அது மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அது பொம்மை மாதிரி சார். ஒரு பாதுகாப்பும் கிடையாது" என்றார் கடைக்காரர்.

"வைங்க கீழ" என்றாள் மனைவி.

கீழே வைத்தார். இருவரும் கண்ணாடி இல்லாமலே வீடு திரும்பினார்கள்.

இரண்டு நாள் கமா வீட்டுக்குள்ளேயே உலாத்தினார். மூன்றாம் நாள் காலையில் அவருக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் கேள்விக்குறி போட்டு ஓரத்தில் எழுதுவது அவருடைய தொழில். மனைவி சொன்ன வாக்கியத்தை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். 'கண்ணாடி மாட்டுற வரைக்கும் சைக்கிள் கிடையாது.' எங்கே மாட்டுவது? எந்தக் கண்ணாடி? அவள் சொல்லவே இல்லை.

மத்தியானம் சைக்கிள் கடைக்காரர் வந்து, பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற வட்டக் கண்ணாடி ஒன்றை ஹாண்டில்பாரில் முடுக்கிவிட்டுப் போனார்.

"கண்ணாடி, மாட்டியாச்சு" என்று கமா கையை நீட்டினார். "சாவி?"

மனைவி ஹாண்டில்பாரைப் பார்த்தாள். கமாவைப் பார்த்தாள். ஒரு சண்டைக்கு வேண்டிய பதில்களோடு கமா தயாராக இருந்தார். அவளோ கைப்பையைத் திறந்து, சாவியை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

"பேச்சுன்னா பேச்சு. நல்லா ஓட்டிட்டு வாங்க."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது கல்யாணமான எந்த ஆம்பளைக்கும் தெரியும். கமாவுக்கும் தெரியும். ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் மறந்துபோனார். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று பூரித்துக்கொண்டு, நேராகக் கண்ணாடிக் கடைக்கு மிதித்தார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் ஐந்தரை மணி. தெருமுனையில் கமா கண்ணாடியை எடுத்து மாட்டினார். நிமிர்ந்து பார்த்தால், தன் வீட்டு மாடி ஜன்னலில் மனைவி நிற்கிறாள்! பக்கத்தில் தையல்காரம்மா. இருவரும் சிரிக்கிறார்கள். கமாவின் நெஞ்சு விம்மியது. ஹாண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

காற்று கண்ணாடியின் ஓரமாக நுழைந்து கண்ணில் நீரைக் கொண்டுவந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஏற்கெனவே இருட்டு, இப்போது வெள்ளமும் சேர்ந்துகொண்டது. கண்ணாடி மூக்கில் இறங்கத் தொடங்கியது. கமா இன்னொரு கையையும் எடுத்து அதைப் பிடித்தார். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணல்மேடு ஒன்று, சைக்கிளை அன்போடு வரவேற்றது.

கமா மண்ணைக் கவ்வினார். இது பேச்சுக்குச் சொல்வதல்ல. துப்ப வேண்டியிருந்தது.

மனைவி இறங்கி வந்தாள். கேட் அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. மணல்தானே."

"கண்ணுல போச்சா?"

"வாயிலதான்."

"நீங்க அதை வாங்கிட்டுப் போன அரைமணி நேரத்துல நானும் கடைக்குப் போனேன். இந்தாங்க." அந்த வளைவான பழுப்புக் கண்ணாடியை அவர் மடியில் போட்டாள். "இதைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

கமா போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். அது அசையவில்லை. தெரு தெளிவாகத் தெரிந்தது. மனைவியின் முகமும் தெரிந்தது. அந்தச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"கை குடேன்."

"இருங்க."

"அன்னிக்கெல்லாம், ஓடி வந்து, கை குடுத்தே. கறுப்புக் கண்ணாடியப் பாத்து, விழுந்தவதானே நீ?"

"யாரு விழுந்தது? எக்ஸ்சேஞ்ச் வாசல்ல விழுந்தது நானா நீங்களா?"

கமா மூன்று கமா போட்டார். "அது, ஒருதரம், செயின், கழண்டு..."

"பதினோரு தரம். மூக்குலேருந்து கண்ணாடி நழுவும். அதைப் பிடிப்பீங்க. சைக்கிளை யாரு பிடிக்கறது? மேல நாங்க அஞ்சு பேரு. இன்னைக்கு விழுவாரா, மாட்டாரான்னு தினமும் பந்தயம் கட்டுவோம். தோத்தவ கீழ போய்த் தூக்கிவிடணும்."

முப்பத்துநாலு வருஷமாக அவர் சொல்லிவந்த கதை மணலில் அவர் பக்கத்திலேயே விழுந்து கிடந்தது.

"அப்ப, நீ வந்தது..."

"தோத்துட்டுத்தான் வந்தேன்."

கமா யோசித்தார். பிழை கண்டுபிடிக்கிற புத்தி எங்கே போகும்?

"பதினோரு தரமும் நீதானே வந்தே? அவ்வளவு மோசமாவா ஒருத்தி தோப்பா? நாலாவது தரமாவது, புத்தி வர வேணாமா?"

அவள் தெருவின் அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"விழுவீங்கன்னு தெரியும். விழமாட்டார்னே கட்டுவேன். அப்பத்தானே நான் கீழ வர முடியும்?"

கமாவுக்குக் கண்ணில் மறுபடி நீர் வந்தது. இந்தக் கண்ணாடிக்குள் காற்று நுழையாது என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார், ஆகவே காற்றின் மேல் பழி போட வழியில்லை. உலகத்திலேயே அதிர்ஷ்டசாலியான புரூஃப் ரீடர் தான்தான் என்று தோன்றியது. மணலை உதறிவிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையை நீட்டினார்.

"அப்ப, இன்னைக்கும் விழமாட்டேன்னுதானே, கட்டியிருப்பே? குடு கைய."

"இல்லீங்க, இந்த வயசுல உங்களைத் தூக்க எனக்கு இடுப்பு ஒத்துழைக்காது. விழுவீங்கன்னுதான் கட்டினேன். கொஞ்சம் பொறுங்க, தையல்காரம்மா வந்துக்கிட்டிருக்காங்க."