ரம்பம் வாங்கப் போன வெண்டல்

"படி இல்லாத டெக் மேல ஏறி வர, விருந்தாளிங்களுக்கு என்ன ரெக்கையா முளைச்சிருக்கு?" என்று கணவனிடம் கேட்டாள் லொரேன்.

வீட்டின் பின்பக்கத்து மரத்தளத்துக்கு இருந்த பழைய படி உளுத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டவனே வெண்டல்தான். பிடுங்கியது பனி உருகிய கையோடு. இப்போது ஜூன் பிறந்து கொசு வந்துவிட்டது, படி வரவில்லை. நாய்கூட ஒருமுறை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வம்பே வேண்டாம் என்று உள்ளே போய்விட்டது.

சனிக்கிழமை மகள் கிர்ஸ்டன் பள்ளி முடித்ததற்கான விருந்து. மினசோட்டாவில் ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தால் ஊரே வந்து ஹாம் பன் தின்றுவிட்டுப் போகும்.

"உன்னால முடியலைன்னா சொல்லிடு. கிளேட்டனைக் கூப்பிடறேன்."

கிளேட்டன் ஊரிலேயே பேர் வாங்கிய தச்சு கான்ட்ராக்டர். அதில் வெண்டலுக்கு வருத்தமில்லை. பள்ளிக் காலத்து நடன விருந்துக்கு லொரேனைக் கைகோத்து அழைத்துப் போனவனும் அதே கிளேட்டன்தான். அவன் பேரைக் கேட்டாலே வெண்டலுக்கு வயிறு எரியும். தான் பிடுங்கிய படியை அவன் வந்து கட்டி, அதில் ஊரே ஏறி, "அடடா கிளேட்டன்" என்று சொல்வதைக் கேட்பதைவிட ஏரியில் குதித்துவிடலாம்.

"அவன் ஒண்ணும் கிழிக்க வேணாம். நானே செய்யறேன். நல்ல ரம்பமா ஒண்ணு வாங்கணும், அவ்வளவுதான்."

"ஸ்கூல்ல டிராம்போன் ஊதக் கத்துக்குடுக்கற வாத்தியாருக்கு எதுக்குப்பா ரம்பம்?" என்றாள் கிர்ஸ்டன்.

வெண்டல் ஏற்கெனவே வீடியோ பார்த்துக் கண் வீங்கியிருந்தான். படிக்கட்டின் உயிர் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் தாங்குபலகைதான். நீளப் பலகையைப் பல் பல்லாக அறுக்க வேண்டும், ஒவ்வொரு பல் மேலும் ஒரு படி உட்காரும். மூன்று பலகை, மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். மூலையில் கோட்டைத் தாண்டி ரம்பம் ஒரு விரல் ஓடினாலும் பலகை பலமிழந்துவிடும்.

கடையில் ஒரு சுவர் முழுக்க வட்ட ரம்பம். வயர் வைத்தது, பேட்டரி போட்டது, தகடு இடப்பக்கம் இருப்பது, வலப்பக்கம் இருப்பது. ஒன்றைத் தூக்கினால் மற்றது நன்றாயிருப்பதுபோல் இருந்தது. கால் கடுத்ததும் எதிரில் கிடந்த பிளாஸ்டிக் சுற்றிய பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்து யோசித்தான். கட்டு மேடும் பள்ளமுமாக எக்கச்சக்கமாகக் குத்தியது. அதையும் பொறுத்துக்கொண்டான்.

சிவப்பு ஏப்ரன் கட்டிய கடைப் பெண் வந்தாள். "ஏதாவது உதவி வேணுங்களா?"

"வேணாங்க வேணாங்க. சும்மா பார்க்கறேன்."

எங்கள் ஊரில் உதவி வேண்டுமா என்றால் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வோம். மூன்றாம் தடவை கேட்டால்தான் வாங்கிக்கொள்வது மரியாதை. அவளும் இந்த ஊர்க்காரி, முன்பின் தெரியாதவரை ஒரு தடவைக்கு மேல் கேட்டால் தொந்தரவு என்று நினைத்து நகர்ந்துவிட்டாள். இப்படி மரியாதை கொடுத்தே நாசமாய்ப் போகிறவர்கள் நாங்கள்.

கடைசியில் இருப்பதிலேயே கனமான ரம்பத்தை வெண்டல் வாங்கினான். தூக்கினால் ஆம்பளை மாதிரி இருந்தது, அதுதான் காரணம்.

வீட்டில் பலகையைப் போட்டு, கோடு கிழித்து, பொத்தானை அமுக்கினான். முரட்டுக் கன்றுக்குட்டி மாதிரி ரம்பம் அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. கோடு தாண்டி, மூலை தாண்டி, பாதிப் பலகையில் போய் நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்லன் எட்டிப் பார்த்தான். அடுத்தவன் வேலை செய்வதைப் பார்ப்பதே வேலையாக உள்ள பக்கத்து வீட்டுக்காரன்.

"யோவ், இதையா வாங்கின? தகடு இடப்பக்கம்யா! நீயோ பீச்சாங்கை. மோட்டார் மறைக்கிறப்போ கோடு எப்படித் தெரியும் உனக்கு?"

"தெரியலைதான்."

"என் பேட்டரி ரம்பத்தை எடுத்துக்க."

"ஐயோ, வேணாம்ப்பா."

"எடுத்துக்கய்யா."

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

"எடுத்துக்கன்னு சொல்றேன்ல!"

மூன்று தடவை ஆகிவிட்டது. இனி மறுத்தால் பகை. வாங்கிவிட்டு உபயோகிக்காமல் திருப்பிக் கொடுத்தால் அதைவிடப் பெரிய பகை. இரண்டாவது பலகையை ஆர்லன் ரம்பத்தால் அறுத்தான். வெண்ணெய் மாதிரி போயிற்று. நாலாவது பல்லில் பேட்டரி செத்தது. சார்ஜ் ஏறும் வரை கொசுவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிறகு மிச்சத்தை அறுத்த சத்தம் கேட்டு, தெருவோடு போன பாஸ்டர் இங்வால்டும் உள்ளே வந்தார். "தம்பி, சர்ச்சுல ஒரு ரம்பம் சும்மாதான் கிடக்கு. கிறிஸ்துமஸ் குடிலே அதுலதான் அறுத்தோம். கொண்டு வரட்டுமா?"

"வேணாங்க பாஸ்டர், இருக்கட்டும்."

பாஸ்டர் மூன்று தடவை கேட்கிற மனுஷர். கேட்டார். கொண்டும் வந்தார்.

அதன் அடித்தட்டு வளைந்திருந்தது. மூன்றாவது பலகையின் பல்லெல்லாம் ஒருக்களித்து நின்றது. குடிலில் மாட்டுத் தொட்டி ஏன் ஆண்டாண்டாய்ச் சாய்ந்தே இருந்தது என்று வெண்டலுக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்று ரம்பம், மூன்று பலகை, மூன்று சாடை. நிறுத்தி வைத்துப் படியைப் போட்டால் ஒன்று ஏரியைப் பார்த்தது, ஒன்று சர்ச்சைப் பார்த்தது, ஒன்று ஊஞ்சலாடியது.

லொரேன் வெளியே வந்து நெடுநேரம் பார்த்தாள். "ம்ம்... வித்தியாசமா இருக்கு."

எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு மேல் திட்டு கிடையாது. அவள் கை போனைத் தேடியது.

"லொரேன், ப்ளீஸ்! நாளைக்குள்ள முடிக்கலைன்னா நீயே கூப்பிடு. நானே அவனுக்கு காபி போட்டுத் தர்றேன்."

வெள்ளிக்கிழமை மறுபடி கடை. மறுபடி சுவர் முழுக்க ரம்பம். மறுபடி அதே கட்டின் மேல் உட்கார்ந்தான், அதே இடத்தில் அதே குத்து. கடைப் பெண் வந்தாள், ஒரு தடவை கேட்டாள், வேண்டாம் என்றான். புது மின்ரம்பம் வாங்குவதைக் கைவிட்டு, புதுப் பலகையும் ஒரு சாதாரணக் கைரம்பமும் வாங்கித் திரும்பினான்.

இந்தத் தடவை புத்தியாக நடந்துகொண்டான். ஆர்லனின் ரம்பத்தை மூலைக்குச் சற்று முன்பே நிறுத்தி, மிச்சத்தைக் கைரம்பத்தால் அறுத்தான். முதல் பலகை சரியாக வந்ததும் அதையே மற்ற இரண்டின் மேல் வைத்துக் கோடு போட்டான். பாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தபோது மட்டும் சர்ச் ரம்பத்தை எடுத்து ஒரு கழிவுக் கட்டையைப் பக்தியோடு அறுத்தான். சனிக்கிழமை முதல் கார் வந்து நிற்கும்போது கடைசித் திருகாணி இறங்கியது.

படி நின்றது! ஊர் ஏறியது. பாஸ்டர் ஏறினார், பன்னோடு ஆர்லன் ஏறினான், நாய் இறங்கி ஏறி இறங்கியது. கிர்ஸ்டன் நடுப்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். வெண்டல் மட்டும் எங்கேயும் உட்காரவில்லை. கட்டு குத்திய இடம் இன்னும் வலித்தது, ஆனால் சந்தோஷத்தில் அது ஒரு பொருட்டாகவே இல்லை.

கடைசியில் எலுமிச்சை கேக் துண்டுகள் அடுக்கிய தட்டோடு கிளேட்டன் வந்தான். முதல் படியில் காலை வைத்தான். குதிகாலால் ஒரு அமுக்கு அமுக்கினான். குனிந்து பக்கப் பலகையின் மூலைகளைப் பார்த்தான்.

"இதை நீயேவா அறுத்த?"

"நானேதான்."

"மூலையெல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்குய்யா."

எல்லோர் முன்னிலையிலும் லொரேன் வெண்டலின் மரத்தூள் படிந்த கையைக் கோத்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் ஒருத்தரே செஞ்சார்," என்றாள். வெண்டலுக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்திலுள்ள எல்லோரையும் மன்னித்துவிடலாம் போலிருந்தது, கிளேட்டனையும் சேர்த்து. லொரேன் லெமனேட் ஊற்ற உள்ளே போனதும் பெரிய மனசோடு கேட்டான்.

"தொழில்காரன் நீ. இந்தப் பலகை அறுக்க எந்த ரம்பம் வெச்சிருக்க?"

கிளேட்டன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தான்.

"வெளிய சொல்லிடாதப்பா, ஜென்மத்துல நான் ஒண்ணுகூட அறுத்தது கிடையாது. பல் வெட்டின பலகை கடையிலயே ரெடியா விக்குது. ரம்பம் தொங்குற சுவருக்கு நேர் எதிர்ல, பிளாஸ்டிக் சுத்திக் கட்டிப் போட்டிருப்பாங்க. என்ன, எப்பப் போனாலும் எவனாவது ஒருத்தன் அது மேல உட்கார்ந்து ரம்பம் பார்த்துக்கிட்டிருப்பான், அவனை எழுப்பிவிட்டுத்தான் எடுக்கணும்!"