பிர்கிட் அம்மாள் புகழ்ந்த பாய்

பெருமதிப்புக்குரிய அக்கா லோசா அவர்களுக்கு,

சவாயித் தீவிலிருந்து தங்கள் தம்பி செமிசி தலைதாழ்த்தி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் என் மனைவி பெலெனிசேவும் சித்தப்பாவும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். ஆக்லாந்தில் தாங்களும் அத்தானும் மருமகள் மெலேயும் சுகமாக இருக்கத் தினமும் மாலை ஜெபத்தில் வேண்டிக்கொள்கிறோம். பன்றிகள் நன்றாக இருக்கின்றனவா என்று போன கடிதத்தில் விசாரித்திருந்தீர்கள். எந்தப் பன்றிகள் என்று கேட்கும் நிலைமையில் இருக்கிறேன் அக்கா.

எல்லாம் தாங்கள் இணையத்தில் எழுதிப்போட்ட அந்தப் பக்கத்தால் வந்தது. நம் தீவுக்கு வருகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை என்று அருவியைச் சொன்னீர்கள், சரி. ஆமைக்குளத்தைச் சொன்னீர்கள், சரி. தேங்காயைப் போட்டால் கடல் அதை வானத்துக்கு எறியும் பாறைத் துளையைச் சொன்னீர்கள், அதுவும் சரி. அதோடு விட்டிருக்கக் கூடாதா? 'இவை எல்லாவற்றையும்விட மேலானது என் தம்பியின் வீடு. சுவர் இல்லாத வீடு, கதவு இல்லாத மனசு' என்று எழுதிவிட்டீர்கள். இப்போது அருவியைக் கால்மணி நேரம் பார்த்துவிட்டு மீதிப் பொழுதையெல்லாம் எங்களைப் பார்க்கிறார்கள். சித்தப்பா மத்தியானம் தூங்குவதை எத்தனை நாட்டுக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. சுவர் இருந்தாலாவது பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம்.

பார்த்தால் பரவாயில்லை அக்கா, புகழ்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதை அவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றுதானே அம்மா நம்மை வளர்த்தாள்? போன வருடம் நம் போதகர் நம் வானொலிப் பெட்டியைப் பார்த்து, "நல்லா பாடுதே" என்று ஒரு வார்த்தை சொன்னார். இன்றைக்கும் அது நன்றாகத்தான் பாடுகிறது, அவர் வீட்டில். ஆனால் நம் ஆட்கள் யோசித்துப் புகழ்வார்கள். இவர்களுக்கு வாயில் பூட்டே இல்லை. விசிறி போனது. மரக்கிண்ணம் போனது. சித்தப்பா கோயிலுக்குப் பிடித்துக்கொண்டு போகும் குடை போனது. ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் பன்றிக்குட்டியைத் தூக்கி, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்றாள். விமானத்தில் எப்படிக் கொண்டுபோவாள் என்று கேட்பது மரியாதை இல்லையே என்று அவள் தங்கியிருந்த விடுதிவரை நானே கொண்டுபோய் விட்டுவந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்காரர் வீட்டில் நல்ல விருந்து என்று கேள்வி. இன்னொருத்தர் சித்தப்பாவின் தொடையில் குத்தியிருக்கும் பச்சையைப் புகழ்ந்தார். அன்று முழுவதும் சித்தப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. மிச்சம் மீதியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வீட்டைக் காலி செய்தேன். அன்று வந்தவர்கள் வெறும் வீட்டை அண்ணாந்து பார்த்து, "என்ன எளிமை! இந்தத் தூணைப் பாருங்க, என்ன அழகு!" என்றார்கள். பெலெனிசே என் வாயைக் கையால் பொத்தினாள்.

"வாயைத் தொறந்தா எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க! நாளைக்கு எவனாவது நான் அழகா இருக்கேன்னு சொல்லுவான். என்னையும் பஸ்ஸுல ஏத்தி அனுப்பிடுவீங்க!" என்று கத்தினாள்.

"சேச்சே, அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க, நீ பயப்படாதே" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அதிலிருந்து எனக்குச் சோறும் இல்லை, பேச்சும் இல்லை. வேகவைத்த பச்சை வாழைக்காயை நானே எடுத்துத் தின்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும். அத்தான் பக்கத்தில் இருந்தால் நல்லது.

நம் பெரிய பாய் போய்விட்டது அக்கா. அம்மா கல்யாணத்தில் விரித்த பாய், அப்பாவுக்குப் பட்டம் கட்டியபோது விரித்த பாய், அடுத்த மாதம் இங்கே நடக்கப்போகும் மெலேயின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தாங்கள் விரிக்க வேண்டிய பாய். மெத்தைக்கு அடியில் பத்திரமாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்குள் ஈரம் போகட்டும் என்று பெலெனிசே வெயிலில் போட்டாள். அந்த நேரம் பார்த்து பிர்கிட் என்கிற ஜெர்மனி அம்மாள் கைத்தடியோடு வந்து சேர்ந்தாள். ஓரத்துச் சிவப்பு இறகைத் தடவிப் பார்த்து, "என் வாழ்க்கையில இவ்வளவு அழகான பொருளைப் பார்த்ததே இல்லை" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரோ சொல்வது காதில் விழுந்தது. என் குரல்தான்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் பிறகு ஊரில் யார் முகத்தில் விழிப்பது? அதனால் அவள் தங்கியிருக்கும் விடுதிக்குப் போய் அந்தப் பாயை நாங்கள் புகழ்வது என்று பெலெனிசே யோசனை சொன்னாள். அவள் என்னோடு பேசியதே பெரிய காரியம் என்று கிளம்பிவிட்டேன்.

"அம்மா, இந்தப் பாய் ரொம்ப அழகா இருக்கும்மா" என்று ஆரம்பித்தாள் பெலெனிசே.

"ஆமா, இல்ல? எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்றாள் பிர்கிட்.

"இவ்வளவு மெல்லிசு எங்கயும் கிடைக்காதுங்க" என்றேன் நான்.

"நீங்க குடுத்ததாச்சே!" என்று என் தோளில் தட்டினாள்.

"இந்த இறகு... இந்த நெசவு... பார்த்துக்கிட்டே இருக்கலாம்" என்று பெலெனிசே கண்கலங்கினாள். நடிப்பில்லை.

"பார்த்துக்கிட்டே இருக்கத்தான் போறேன். ஹாம்பர்க்ல குளியலறைக்கு வெளியில ஒரு சுவர் காலியா இருக்கு, அங்க மாட்டப்போறேன்."

பெலெனிசே சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்த அம்மாளின் கைத்தடியை, செருப்பை, தொப்பியைப் புகழ்ந்து பார்த்தேன், வழி புரியட்டும் என்று. நன்றி, நன்றி என்று முகம் மலர்ந்துகொண்டே போனதே தவிர ஒன்றும் கழன்று வரவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "உங்க சட்டை ரொம்ப நல்லா இருக்கு" என்று வேறு சொல்லிவிட்டாள். வெற்றுடம்போடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு அழுகையாக வருகிறது அக்கா. மாப்பிள்ளை வீட்டார் பெரிய பட்டக்காரர்கள். நாம் வெறுங்கையோடு போய் நின்றால் மெலே வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் தலைகுனிந்து நடப்பாள். தம்பி என்று ஒருவன் இருப்பதே அக்காவின் முகத்தைக் காப்பாற்றத்தான். அதை நான் தொலைத்துவிட்டேன். ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. மெலேயைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பையனோடு இன்றைக்கே ஓடிப்போகச் சொல்லுங்கள். ஓடிப்போனவர்களிடம் யாரும் பாய் எங்கே என்று கேட்க மாட்டார்கள். தாங்களும் தயவுசெய்து இங்கே வர வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். மெலேக்கு மாமாவின் ஆசீர்வாதம், எந்தத் திசையில் ஓடினாலும். புகழ்கிறவர்கள் வாயிலிருந்து ஆண்டவர் தங்கள் வீட்டைக் காப்பாராக.

கீழ்ப்படிந்த தம்பி,
செமிசி

பின்குறிப்பு: மெலேயை ஓட விடாதீர்கள்! கடிதத்தை ஒட்டப்போகும்போது பிர்கிட் அம்மாள் பாயோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். விடுதிக்காரர் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். "என்னை மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாமப் போச்சு" என்று அழுதாள், நாங்களும் அழுதோம். சட்டையையும் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறாள். தங்கமான மனுஷி. கல்யாணத்துக்கு அழைத்துவிட்டேன். பாய் இப்போது வீட்டு நடுவில் முழுசாக விரிந்து கிடக்கிறது, பெலெனிசே தேங்காய்ப்பாலில் கீரை வேகவைக்கிறாள், எனக்கும் உண்டாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு எல்லோரும் உடனே புறப்பட்டு வாருங்கள்.

இன்னும் ஒன்று. கீரை வாசனைக்கோ என்னவோ, சாலையில் போய்க்கொண்டிருந்த போதகர் நம் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். சுவர் இல்லையே, என்ன செய்வது? இப்போது பாயின் ஓரத்தில் நிற்கிறார். பாய்மேல் விழுந்து படுத்துவிடட்டுமா என்று பெலெனிசே கண்ணாலேயே கேட்கிறாள். போதகர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிகிறார். இறகைத் தொட்டுப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார் அக்கா.