ஆறாவது பாட்டில்

தன்னம்பிக்கை விஷயத்தில் எனக்கு என்றைக்குமே குறை இருந்ததில்லை. அறிவுதான் சில வருடங்கள் தாமதமாக வந்து சேர்ந்தது.

எண்பதுகளின் நடுவில் தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு செஞ்சியில் வீட்டோடு இருந்தேன். சென்னையிலிருந்த என் பேராசிரியை அந்த வருடம் ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவியைத்தான் எடுப்பதாக இருந்தார். என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் நான்கு பேர். எதையாவது செய்து காட்டினால்தான் இடம் கிடைக்கும். (கிடைக்காவிட்டால் திண்டிவனத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.)

நான் தேர்ந்தெடுத்தது திசு வளர்ப்பு. செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத சத்துக்கூழில் வைத்தால் செல்கள் பெருகிக் கட்டியாக வளரும். பீட்ரூட் என்றால் அந்தக் கட்டியிலேயே சிவப்பு நிறமி ஊறும். உடம்புக்கு நல்லது, பவுடர் சாயத்துக்குப் பதிலாக சர்பத்தில் சேர்க்கலாம். வயல் வேண்டாம், மழை வேண்டாம். கல்லூரியில் இதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அது போதாதா?

கடற்பாசி, சர்க்கரை, இளநீர் கலந்து கூழ் காய்ச்சி, ஆறு ஜாம் பாட்டில்களில் ஊற்றி அம்மாவின் குக்கரில் அவித்தேன்.

"சோறு ஆக்குற குக்கர்ல இன்னாடி பண்ற?" என்றார் அம்மா.

"சாயத் தொழிற்சாலை வைக்கிறேம்மா."

கூழ் சரியாக இறுகவில்லை. பரவாயில்லை என்று பீட்ரூட் துண்டுகளை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் குளிப்பாட்டி உள்ளே போட்டேன். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். ஆறாவதுக்குப் பஞ்சு தீர்ந்துவிட்டதால் மூடியை இறுக்கித் திருகினேன்.

இரண்டு வாரத்தில் ஐந்து பாட்டில்களுக்குள் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை முடி முளைத்திருந்தது. சத்தமில்லாமல் தோட்டத்தில் புதைத்தேன். ஆறாவது மட்டும் ரோஜா நிறத்தில் ஜொலித்தது. நான் மேதை என்பதில் இருந்த கடைசிச் சந்தேகமும் எனக்குத் தீர்ந்தது. உடனே பேராசிரியைக்குக் கடிதம் எழுதினேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு வருவதாகவும், போகிற வழியில் வந்து பார்ப்பதாகவும் பதில் வந்தது.

சந்தன நிறப் பட்டுப்புடவையில் வந்தார். கடைவீதியில் வளையல் கடை வைத்திருந்த நைனா, கடையைப் பூட்டிவிட்டு வெள்ளைச் சட்டையில் நின்றார். "எங்க பொண்ணு கலர் கண்டுபுடிச்சிருக்குதுங்க மேடம்."

பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலை உற்றுப் பார்த்தார். "மூடி ஏம்மா உப்பியிருக்கு?"

"செல்லெல்லாம் நல்லா மூச்சு விடுதுங்க மேடம்," என்றேன்.

"திறக்காதே," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் திருகிவிட்டேன்.

மூடி உத்தரத்தில் போய் மோதியது. சிவப்பு நுரை பட்டுப்புடவையின் தோளிலிருந்து கொசுவம்வரை இறங்கியது. மிச்சம் நைனாவின் சட்டைக்கு. பீட்ரூட் துண்டு பேராசிரியையின் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. நைனா தன் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"இது கள்ளு வாசனையாச்சே," என்றார்.

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "கட்டி எதுவும் வளரலைம்மா. வெட்டின துண்டுலேர்ந்து கசிஞ்ச கலர்தான் இது. உள்ளே ஈஸ்ட் போயிருக்கு. அதுக்குச் சர்க்கரையும் இளநீரும் குடுத்துப் புளிக்க வெச்சிருக்கே. இந்த ஒண்ணுதான் போட்டியா?"

பொய் வாய் வரை வந்தது. அந்தப் புடவையைப் பார்த்ததும் வரவில்லை. "இன்னும் அஞ்சு மேடம். பூஞ்சை புடிச்சுது. தோட்டத்துல புதைச்சிட்டேன்."

"அதைத்தான் எனக்கு முதல்ல காட்டியிருக்கணும்," என்றார்.

அம்மாவின் பச்சைச் சுங்குடிப் புடவையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். நைனா அன்று மாலையே திண்டிவனத்துக்கு ஒரு கார்டு போட்டார்.

பதில் அங்கிருந்து வருவதற்குள் சென்னையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. "புடவை இரண்டாவது சலவையில் பழையபடி ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமாக வெளுக்கிற நிறமியை நிலைக்க வைப்பது நல்ல ஆராய்ச்சி. உண்மையைச் சொன்னாய், அதனால் இடம் தருகிறேன். முதல் மூன்று மாதம் பாட்டில் மட்டும் கழுவு."

கழுவினேன். பிறகு நிஜமாகவே பீட்ரூட் செல்களைக் குடுவையில் சிவக்கச் சிவக்க வளர்த்து டாக்டர் பட்டமும் வாங்கினேன். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் நான் சோடா பாட்டிலைக் கையில் எடுத்தால், எங்கள் வீட்டு ஆட்கள் வேட்டியையும் புடவையையும் சுருட்டிக்கொண்டு நாலடி தள்ளிப் போவார்கள். விவரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் புது மாப்பிள்ளைகளை அம்மாதான் காப்பாற்றுவார்.

"எழுந்து இப்டி வாங்க மாப்ள. எங்க டாக்டரம்மா மூடி தொறக்குது."