ஜெபத்தில் கண்ணை மூடிய வேட்டை நாய்

அன்பு மகன் ஜாஸ்பருக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம், கிணறு சுகம், பசு சுகம், கோலப்பனின் முட்டுவலி மட்டும் அவன் வேலை செய்ய வேண்டிய நாட்களில் வந்து போகிறது. நீயும் ஜினிஷாவும் பிள்ளைகளும் நாகர்கோவிலில் அந்த ஐந்தாம் மாடியில், கொசுவும் விருந்தாளியும் எளிதில் ஏறி வர முடியாத உயரத்தில், நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் நீ "சரிம்மா" என்று சொல்லும்போது வேறு யாரையோ பார்த்துத் தலையாட்டுகிறாய் என்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. உட்கார்ந்து வாசி.

முதலில் நம் ஒப்பந்தம். உன் அப்பா இருந்தவரை ஒவ்வோர் அறுப்பின் பண்டிகைக்கும் நம் விளையில் பிடுங்கிய மரச்சீனிக் கிழங்குதான் ஆலயத்துக்குப் போயிற்று. கடந்த இரண்டு பண்டிகைக்கும் மலையிலிருந்து இறங்கிய காட்டுப் பன்றிகள் விளையை உழுதுபோட்டதால், நான் வடசேரிச் சந்தையில் கிழங்கு வாங்கிக் காணிக்கை வைத்தேன். ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விடும்போது அதை எடுத்தவர் பக்கத்தில் நின்றவரிடம், "இது சந்தைக் கெழங்குல்லா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்று நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தபோதுதான் நீ அந்த நிபந்தனையைப் போட்டாய். அடுத்த பண்டிகைக்கு நம் விளைக் கிழங்கு ஒரு மூடாவது, ஒரே ஒரு செடியின் கிழங்காவது, ஆலயத்துக்குப் போனால் நான் இங்கேயே இருக்கலாம், போகாவிட்டால் விளையை ரப்பர் வைப்பவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு உன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றாய். நான் ஒப்புக்கொண்டேன். காவலுக்கு நாய் வாங்குவது என் பொறுப்பு என்றேன். அதுவும் சாதாரண நாய் அல்ல, வேட்டை இனம். பன்றியைப் பிடிக்க வேண்டாம், அதற்கு வனத்துறைக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. மரியாதையாக விரட்டினால் போதும்.

அஞ்சுகிராமத்தில் நாய் வளர்க்கும் ஞானதாசனிடம் போனேன். மூன்று நாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினான். முதலாவது ராஜபாளையம். வெள்ளை வெளேரென்று, மூக்கு இளஞ்சிவப்பாக, நான் திருட வந்தவள் என்று தீர்மானித்துவிட்ட பார்வையோடு நின்றது. இரண்டாவது கோம்பை. பழுப்பு நிறம், கறுத்த வாய், அகன்ற நெஞ்சு. பன்றிக்கு இதைப்போல வேறில்லை, பிடித்தால் விடாது என்றான். மூன்றாவது சிப்பிப்பாறை. ஒட்டிய வயிறும் நீண்ட மூக்குமாக, எங்கள் பேச்சு தனக்குச் சம்பந்தமில்லாதது போலத் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. இது மோப்பம் பிடித்துத் திரியாது, கண்ணால் கண்டதைத்தான் துரத்தும், வெட்டவெளியில் முயலுக்கானது, குரைப்பு குறைவு, ஒரே ஆளிடம்தான் ஒட்டும், கடிந்து பேசினால் தாங்காது என்று அவன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னான். நானும் கேட்டேன். ஆனால் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பசு வாங்கினாலும் பைக் வாங்கினாலும் ஜெபம் செய்யாமல் நாம் கை நீட்டுவதில்லை. அங்கேயே நின்று ஜெபித்தேன். ராஜபாளையம் தொடக்கம் முதல் குரைத்தது. கோம்பை நடுவில் என் குடையின் கைப்பிடியைக் கடித்து எடுத்துக்கொண்டது. சிப்பிப்பாறையோ தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடி, ஆமென் வரைக்கும் அசையாமல் நின்றது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. கூட்டத்துக்குப் பொறுப்பாக நிற்பவர் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதைக் கான்வென்டில் சிஸ்டர்களிடம் பார்த்தே கற்றவள் நான்.

"இதுதான் என் நாய்" என்றேன்.

ஞானதாசன் தலையைச் சொறிந்தான். "அம்மா, நாய ஓடவிட்டுப் பாக்கணும். ஜெபம் பண்ணிப் பாக்கப்பிடாது."

ஒழுக்கம் இருந்தால் உழைப்பு தானாக வரும் என்று அவனுக்கு விளக்கிவிட்டுக் கூட்டி வந்தேன். மேஜர் என்று பெயர் வைத்தேன்.

அது பக்தியல்ல, தூக்கம் என்று வந்த வாரமே விளங்கிவிட்டது. மேஜர் காலையில் தூங்குகிறான், கஞ்சி குடித்த களைப்பில் தூங்குகிறான், தூங்கி எழுந்த அலுப்பில் மறுபடி தூங்குகிறான். சிட், ஸ்டே என்று நல்ல உச்சரிப்பில் கட்டளையிட்டால், ஏற்கனவே இருப்பவனிடம் ஏன் சொல்கிறாய் என்று பார்க்கிறான். ஒருநாள் குரலைச் சற்று உயர்த்தினேன். அன்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்துச் சாப்பிட மறுத்துவிட்டான். இவ்வளவு ரோஷம் நம் குடும்பத்தில் எனக்குத் தெரிந்து யாருக்கும் கிடையாது. பன்றிகள் வேலி வழியாக வந்து வரிசை வரிசையாகத் தோண்டித் தின்றன. அவற்றின் வாசனை இவனுக்கு ஒரு செய்தியே அல்ல. கோலப்பன் காலையில் குழிகளைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, இது வேட்ட நாயில்ல, உங்க கோயில் உவதேசியாராக்கும். பன்னி கெழங்கத் தின்னுட்டு, இவன்கிட்ட ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போயிருக்கு" என்றான். உபதேசியாரை அப்படிச் சொல்லக்கூடாது என்று கண்டித்தேன். நாயைப் பற்றிச் சொன்னதைக் கண்டிக்காமல் அவனுக்குக் கஞ்சி எடுக்கப் போனேன்.

ஆனாலும் ஜாஸ்பர், அவன் தூங்குவதை நீ ஒரு தடவை பார்க்க வேண்டும். பிற்பகலில் மலையிலிருந்து மஞ்சு இறங்கி, விளை பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் கிடக்கும். வீட்டில் சத்தம் ஒன்றும் இருக்காது. அப்போது அவன் பாதங்கள் நான்கும் மெல்ல அசையத் தொடங்கும். முதலில் ஒன்று, பிறகு ஒன்று, பிறகு எல்லாம் சேர்ந்து. உதடு துடிக்கும். தொண்டைக்குள்ளே, வெகுதூரத்தில் யாரோ கூப்பிடுவது போல ஒரு சிறு சத்தம். சிமெண்டுத் தரையில் படுத்தபடியே அவன் எங்கோ கரை காணாத ஒரு வெளியில் ஓடிக்கொண்டிருக்கிறான். நான் கையிலிருக்கும் பின்னலை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது. கான்வென்ட் வராந்தா வரும். ஓடினால் பிரம்படி விழும் என்பதால் ஒருநாளும் நான் ஓடிப் பார்க்காத நீண்ட வராந்தா. அதில் செருப்பில்லாமல் ஓடுகிறேன். தூண்கள் போகின்றன, வேப்பமரம் போகிறது, வராந்தா முடியவே இல்லை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. விழித்தால் அவனும் அப்போதுதான் விழித்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். இருவருக்கும் மூச்சு வாங்கும். டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

கனவு கிழங்காகாது. வருகிற ஞாயிறு அறுப்பின் பண்டிகை. நேற்று கோலப்பனோடு விளை முழுவதும் நடந்து, மிஞ்சிய மூடுகளைப் பிடுங்கிப் பார்த்தேன். விரல் பருமனில் வேர்தான் வந்தது. சந்தைக்கு மறுபடி போகமாட்டேன். சொன்ன சொல்லை மீறுகிறவளும் அல்ல நான். ஆகவே சனிக்கிழமை காரைக் கொண்டு வா. போகிற வழியில் மேஜரை ஞானதாசனிடம் விட்டுவிடலாம். வழி அதுவல்ல என்று தெரியும், சுற்றிப் போகலாம். நீ முன்னால் உட்கார், அவன் என்னோடு பின்னால் வரட்டும். உன் வீட்டில் எனக்கு மலை தெரிகிற ஜன்னல் உள்ள அறையைக் கொடு. மலை தெரியாவிட்டால் ஜன்னலாவது இருக்கட்டும்.

ஜினிஷாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் லிஃப்டையும் காப்பாராக.

அன்பு அம்மா,
சத்தியபாய்

பின்குறிப்பு: கார் கொண்டு வராதே. கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இன்று விடியற்காலையில் விளையைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கப் போனேன். கோலப்பன் முன்னால் நடந்தான், மேஜர் கொட்டாவி விட்டுக்கொண்டே கூட வந்தான். மேற்கு மூலையில், காற்றில் சாய்ந்து கொடி மூடிக் கிடந்த புதருக்குள் ஒரு பன்றி மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. மேஜருக்கு அது தெரியவே இல்லை. அவன் கண்டது விளையின் மறுகோடியில் மஞ்சுக்குள் நடந்துபோன ஒரு மயிலை. அவ்வளவுதான். அவன் ஓடியதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தமே இல்லை ஜாஸ்பர். கால் மண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. மஞ்சு அவனுக்காகப் பிரிந்து, அவன் பின்னால் சேர்ந்துகொண்டது. பன்றி தோண்டுவதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்த்தது. நானும் பார்த்தேன். அது தன் நிலை மறந்து நின்றது, நான் என் நிலை மறந்து கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று கோலப்பன்தான் பிறகு சொன்னான். "ஓடு மக்கா, ஓடு" என்றேனாம். பன்றி காட்டுக்குள் பாய்ந்தது நாயைக் கண்டல்ல, என் சத்தத்துக்குப் பயந்துதான் என்று அவன் சாதிக்கிறான். நான் செருப்பை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் ஓடியதாகவும் சொல்கிறான். அதை நம்பாதே. மயில் பறந்து மரத்தில் ஏறிவிட்டது.

பன்றி விட்டுப்போன குழியில், எங்கள் கண்ணுக்கே தப்பிய ஒரு மூடு கிடந்தது. என் முழங்கை நீளத்தில் கிழங்குகள், பல்லே படவில்லை. கழுவிக் கூடையில் வைத்துவிட்டேன். ஒரு மூடாவது ஆலயத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் உன் நிபந்தனை. பிடுங்குவது பன்றியாக இருக்கக்கூடாது என்று நீ சொல்லவில்லை.

ஞாயிறன்று எல்லாரும் ஆராதனைக்கு வந்து சேருங்கள். ஏலத்தில் அந்தக் கிழங்கை நீயே எடுத்துவிடு. மேஜர் இப்போது என் பாதத்தின்மேல் படுத்துத் தூங்குகிறான். கால்கள் ஓடுகின்றன. உன் வீட்டு ஹாலை நினைத்துப் பார்த்தேன். இவன் நான்கு எட்டு வைப்பதற்குள் டிவி வந்துவிடும்.