தலைவர் தொப்பியின் கருவிழி

லாபிஸ்,
பவ வருஷம் மார்கழி 20

கூலாய் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியும், நட்புச்சுடர் சகோதர சபையின் மூத்த சகோதரரும், என் மனைவி புஷ்பவள்ளியின் ஒரே தம்பியுமாகிய மகா கனம் பொருந்திய மைத்துனர் சதாசிவம் அவர்கள் சமூகத்துக்கு, லாபிஸ் தையல்கடை வீரமுத்து கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்காள், மகள் செல்லம், தையல் மிஷின் ஆகிய நால்வரும் சுகம். மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். அங்கே தாங்களும் தங்கள் முப்பத்திரண்டு சகோதரர்களும் சுகமாயிருப்பதற்கு நாலு வரி எழுதவும். எழுதமாட்டாய் என்று தெரியும். தாங்கள் தாங்கள் என்று எழுதி இப்போதே கை வலிக்கிறது, மூணாங்கிளாஸ் படிப்புக்கு இதுவே அதிகம், இனிமேல் நீதான்.

விஷயம் என்னவென்றால், நீ ரயிலில் திருப்பியனுப்பிய தொப்பிப் பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதமாவது இருக்குமென்று உன் அக்காள் தொப்பியின் உள்துணி வரைக்கும் பிரித்துத் தேடிவிட்டாள். அதை மறுபடி தைத்தது நான். மூன்று நாள் அடுப்பு எரிந்ததே தவிர அவள் சாப்பிடவில்லை. தை பத்து புதன்கிழமை செல்லத்துக்குக் காது குத்து. ஆசாரிக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் கேட்ட முதல் கேள்வியே, "தாய்மாமன் வர்றாருல்ல?" என்பதுதான். பிள்ளை உட்கார மடி வேண்டுமே, அந்த மடி உன்னிடம்தானே இருக்கிறது. என் மடியில் உட்கார்த்திக் குத்தலாமென்றால் உன் அக்காள், "உங்க மடியும் ஆச்சு நீங்களும் ஆச்சு, எந்தம்பி வராட்டா பிள்ளைக்குக் காதே வேணாம்" என்கிறாள். அவள் இதோ பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, இதையும் எழுதுங்க அதையும் எழுதுங்க என்கிறாள். எழுதிவிட்டேன் தாயே.

அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். புதிதாய்ப் பதவி ஏற்கிற ஏழு பேருக்குமான தொப்பிகளைச் சிங்கப்பூரில் தைக்கக் கொடுக்க இருந்த சபையாரிடம், லாபிஸில் நல்ல கை ஒன்று இருக்கிறது என்று நீ சொன்னாயாம், சந்தோஷம். சகோதரர்கள் தலையளவை ஏழு நூல்களில் முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தாய். வெல்வெட்டில் ஜரிகை வேலை செய்யும்போது தொப்பி ஒரு தலைமேல் இருந்தால்தான் வடிவம் குலையாது. எனக்கு இருப்பது ஒரு தலை, அதுவும் உன் அக்காளிடம் அடமானம். ஆகவே மட்டையோடு ஏழு தேங்காய் வாங்கி, பாராங் கத்தியால் நாரைச் செதுக்கிச் செதுக்கி, ஒவ்வொன்றுக்கும் அவரவர் நூல் சரியாகச் சுற்றும்படி செய்து, சுண்ணாம்பால் பேர் எழுதிக் கடை பெஞ்சில் வைத்தேன். உன் தேங்காய்தான் பெரிது. ரகசிய சபை ரகசிய சபை என்கிறாயே, உங்கள் ஏழு பேரும் ஒன்றரை மாதம் லாபிஸ் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டு தொப்பியோடு உட்கார்ந்திருந்தீர்கள். போகிறவர்கள் உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். இதில் ஒரு வெள்ளிக்கிழமை உன் அக்காள் அவசரத்தில் ஒரு தேங்காயை எடுத்து உடைத்துச் சட்னி அரைத்துவிட்டாள், இட்லியைப் பிட்டு வாயில் வைத்த பிறகுதான் பெஞ்சைப் பார்க்கிறேன், அலமாக், உங்கள் பொருளாளர் நாச்சியப்பன் செட்டியாரைக் காணோம்! சட்னி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு வேறு தலை செதுக்கினேன்.

இப்போது கண் விஷயம். ஆறு தொப்பிகளில் கைகோத்த இரண்டு கைகள். தலைவராகப் போகிற உன் தொப்பியில் மட்டும் அந்தக் கைகளுக்கு மேலே கதிர் வீசுகிற ஒரு கண். வெள்ளைப் பட்டில் விழி, சுற்றிலும் ஜரிகை இமை, நடுவே கறுப்புப் பட்டில் கருவிழி. நான் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திரைச்சீலை தைத்துப் பழகியவன். கண்ணை எல்லா வேலையும் முடிந்த பிறகு, நல்ல நேரம் பார்த்துக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும், திறந்ததும் முதலில் கண்ணாடி காட்ட வேண்டும் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். பஞ்சாங்கத்தைப் பார்த்தால் நல்ல நேரம் நீங்கள் பதவி ஏற்கிற அன்றைக்குச் சாயங்காலம்தான் வருகிறது. சரி, கூலாயிலேயே திறந்துவிடலாமென்று ஊசியில் கறுப்பு நூல் கோத்துக்கொண்டு, மடியில் கைக்கண்ணாடியோடு ரயிலேறினேன். உங்கள் சபை மாடிப்படியில் உன் சகோதரர் ஒருவர் என்னைக் காட்டி யாரென்று கேட்டார், நீ ஏதோ பதில் சொன்னாய், அதை விடு. கொஞ்ச நேரம் கீழே நிற்கச் சொன்னீர்கள், நின்றேன். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு மேலே போய்க் கதவைச் சாத்திவிட்டீர்கள். நான் ஊசியும் கையுமாகத் தெருவில்.

மேலே நடந்ததை எங்கள் ஊர் ஸ்டேஷன் கிளார்க் மூர்த்தி வந்து சொன்னார். அவரும் உங்கள் சகோதரர்தான், சபைதான் ரகசியம், அவர் வாய் இல்லை. எல்லாம் காணும் கண்ணின் முன்னால் சத்தியம் செய்கிறேன் என்று நீ கையை உயர்த்தினாயாம், பழைய தலைவர் விளக்கைத் தூக்கித் தொப்பியைப் பார்த்தாராம், பார்த்துவிட்டு, "பிரதர், இதுல கண்ணே இல்லியே" என்றாராம். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சகோதரர் கிட்டே வந்து உற்றுப் பார்த்து, "புரை முத்திப்போச்சு" என்றாராம். முப்பத்திரண்டு பேரும் சிரித்தார்களாம். குருட்டுக் கண்ணின் முன் செய்த சத்தியம் செல்லாதென்று சொல்லி, உனக்கு இந்த வருஷம் பதவி இல்லை என்று நாச்சியப்பன் செட்டியாரைத் தலைவராக்கிவிட்டார்களாம். சட்னியாய்ப் போனவர் தலைவரானார், முழுத் தேங்காய் நீ வீட்டுக்குப் போனாய். மூர்த்தி சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் பாதிவரை சிரித்தேன். பிறகு, "சதாசிவம் தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டுத் தனியா நடந்து போனாரு லா" என்றார். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷமாக நீ அந்த நாற்காலிக்குக் காத்திருந்தது எனக்குத் தெரியும். கல்யாணம் பேசினால்கூட, தலைவரான பிறகு பார்க்கலாமென்று தள்ளினவன் நீ. உன்னை எத்தனையோ கேலி செய்திருக்கிறேன், என் பெண்டாட்டிக்குத் தம்பியாய் இருந்தது போதாதென்று ஊருக்கெல்லாம் தம்பியாகப் போனான் என்று உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், நீயும் சிரித்திருக்கிறாய். இது அந்தக் கணக்கில் சேராது. நூலும் ஊசியும் என் கையில் இருந்தன, தப்பு என்னுடையது, பஞ்சாங்கத்தைப் பார்த்த நேரத்தில் உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகையால் கோபத்தை என்மேல் வைத்துக்கொள், மடியைச் செல்லத்துக்குக் கொடு. பந்தியில் நான் உனக்குப் பரிமாறக்கூட மாட்டேன், வேண்டுமானால் காது குத்தி முடிகிறவரை தெருக்கோடியில் நிற்கிறேன். மாரியாத்தா உனக்கு நீண்ட ஆயுசும் நிறைந்த முடியும் கொடுக்கட்டும். உன் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசி சொல்கிறாள், செல்லம் மாமனுக்கு முத்தம் கொடுத்துக் காகிதத்தை ஈரமாக்கிவிட்டாள், எழுத்து கலைந்திருந்தால் அது அவள் வேலை.

இப்படிக்கு, தங்கள் வரவை வழிபார்த்திருக்கும்
மூ. வீரமுத்து

பின்குறிப்பு: மேலே உள்ளதை உன் அக்காளுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன், திருப்தி என்று சொல்லி அரிசி களையப் போயிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. மச்சான், பஞ்சாங்கக் கதை பொய். நல்ல நேரம் இரண்டு நாள் முன்னாடியே வந்துவிட்டது. லாபிஸிலேயே சூடம் ஏற்றி, கண்ணாடி காட்டிக் கருவிழியைத் தைத்து முடித்துவிட்டேன். அப்படி ஒரு கண்ணை என் ஆயுசில் நான் தைத்ததில்லை, உன்னைத் தலைவராய்ப் பார்க்கப் போகிற கண் அல்லவா. மாடிப்படியில் உன் சகோதரர், "இவர் யாரு?" என்று கேட்டபோது, "லாபிஸ் தையல்காரர்" என்று சொன்னாய் பார், அதோடு சரி. கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன், சின்னக் கத்தரிக்கோலால் கருவிழியைப் பிரித்தெடுத்தேன். கோப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மச்சானைத் தெரியாத தலைக்குக் கண் எதற்கு என்று நினைத்தேன். நினைத்தவன் அந்தக் கோப்பியைக் குடிக்கவில்லை. திரும்பத் தைக்க ஊசியை எடுப்பதற்குள் உங்கள் ஆள் வந்து பெட்டியை வாங்கிப் போய்விட்டான், கதவும் சாத்தியாகிவிட்டது.

இன்று காலை மறுபடி தைத்துவிட்டேன், இப்போது நன்றாகப் பார்க்கிறது. நாச்சியப்பன் செட்டியாருக்கும் நடந்ததை இப்படியே எழுதி, குற்றம் சதாசிவத்தின்மேல் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் பேனா நிற்கிறது. இதைச் செய்தது தையல்காரன் என்று எழுதட்டுமா, மச்சான் என்று எழுதட்டுமா? தை பத்தாம் தேதி வந்து நேரில் சொல்லு.