மருதையன் இறங்கினால் ஓடும் மெஷின்

அம்மாபேட்டை,
மாசி 3

மஸ்கட்டில் இருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை நெடுமாறன் அவர்களுக்கு மாமனார் சிங்காரவேலு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியார் அம்சமும் நலம். நமது அறுப்பு மெஷினும் நேற்று மாலை நாலு மணியிலிருந்து நலம். அங்கு தாங்களும் வானதியும் குழந்தையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நான் "அது வந்து மாப்பிள்ளை" என்று தொடங்குவதற்குள் "படம் அனுப்பிருக்கேன், பாருங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நாளை மறுநாள் மஸ்கட் புறப்படும் அதிராம்பட்டினம் ஜெக்கரியா பாய் கையில் முறுக்கோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் படித்தபிறகு முறுக்கைச் சாப்பிடவும்.

மெஷின் எங்கே நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறதா, டீசல் எவ்வளவு இருக்கிறது என்றெல்லாம் உங்கள் போனுக்குச் சொல்லும் பெட்டி ஒன்றைப் போன வருடம் மெஷினில் பொருத்தினீர்கள் அல்லவா, அந்தப் பெட்டி சொன்னதை நம்பித்தான் போன வியாழக்கிழமை எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். மருதையன் சீட்டில் உட்கார்ந்து அறுக்கும் நேரமெல்லாம் 'எஞ்சின் அணைந்துள்ளது' என்று வருகிறது, அவன் டீ குடிக்க இறங்கினால் 'ஓடுகிறது' என்று வருகிறது, டீசல் மட்டும் தானாக இறங்குகிறது, ஆகவே ஆள் டீசல் திருடுகிறான், இன்றே நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும், மாப்பிள்ளை சொல்லைத் தட்டக்கூடாதே என்று, ஆறு வருடமாக நம் வண்டி ஓட்டும் மனுஷனைக் களத்துமேட்டில் நாலு பேர் பார்க்க நிறுத்தி வைத்து, நீங்கள் அனுப்பிய அந்தப் போன் படத்தைக் காட்டிவிட்டேன். மருதையன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தூரத்தில் அறுத்துப் போட்டிருந்த வயலைப் பார்த்தான். "அப்ப அந்த ஆறு ஏக்கரை யாருண்ணே அறுத்தா? நான் குடிச்ச டீயா?" என்று கேட்டான். சாவியை என் கையில் வைத்துவிட்டு வரப்பிலேயே நடந்து போய்விட்டான். அம்சம் அன்றைக்கு எனக்கு ரசம் மட்டும்தான் ஊற்றினாள். "ஆளை நம்பாதவங்களுக்குக் கொழம்பு எதுக்கு?" என்றாள்.

இதற்கு நடுவே கிழக்கே மேகம் கூடுகிறது, கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, மழை பெய்தால் அத்தனையும் தரையோடு தரை. அறுவடை நேரத்தில் வேறு டிரைவர் கிடைக்கவில்லை; பெட்டியின் கோளாறு என்று தெரிந்தால்தானே மருதையனைத் திரும்பக் கூப்பிடலாம் என்று நானே வைத்தியத்தில் இறங்கினேன். பேட்டரி முனையைச் சுரண்டினேன், பியூஸ் மாற்றினேன், சிம் கார்டை எடுத்துத் துண்டில் துடைத்துப் போட்டேன். பெட்டிக் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண் "பெட்டியை அணைத்துவிட்டு மீண்டும் போடவும்" என்றாள், போட்டேன், ஹாரன் மட்டும் நிற்காமல் அடித்தது. பக்கத்து வயல் பஞ்சநதம், எலி கடித்திருக்கும் என்றார். ஒரு பூனையைப் பிடித்து மெஷினுக்குள் விட்டேன். பூனை என்னைக் கடித்தது. ஊசி போட்டுக்கொண்டேன், கவலை வேண்டாம்.

நேற்றுதான் கும்பகோணத்திலிருந்து அறிவுமதி என்ற பெண்ணை வரவழைத்தேன். இரண்டு பிள்ளைக்குத் தாய், வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பதில் கெட்டிக்காரி. ஸ்கூட்டரில் மீட்டரோடு வந்து இறங்கியவள் பெட்டியைத் தொடவே இல்லை. "பெட்டி பொய் சொல்லாதுய்யா. அதுக்குக் காது கேக்கல, அவ்ளோதான். எஞ்சின் பேசுறது ரெண்டு ஒயர்லதான் பெட்டிக்குப் போவுது, எங்கயோ அறுந்து அறுந்து ஒட்டுது" என்றாள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து, அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே மீட்டரை வைத்தாள். அறுபது காட்டியது. அதுதான் சரியான கணக்காம். நான் உட்கார்ந்தேன். அறுபது. "தினம் ஓட்டுறவரைக் கூப்பிடுங்க" என்றாள். எந்த முகத்தோடு கூப்பிடுவது? அம்சம்தான் போய் அழைத்து வந்தாள். மருதையன் ஏறி உட்கார்ந்தான்.

"நூத்தியிருபது!" என்று கத்தினாள் அறிவுமதி.

மருதையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ்ளோல்லாம் இல்லம்மா, நூத்தி ரெண்டு கிலோதான். ரேசன் கடை தராசுலயே ஏறிப் பாத்தேன்."

"உங்க எடை இல்லண்ணே, ஒயரோட கணக்கு! நீங்க உக்காந்தா ஒயர் விட்டுப்போவுது, எந்திரிச்சா ஒட்டிக்கிது. எஞ்சின அணைக்காம நீங்க டீக்கு எறங்குனப்பதான் அது ஓடுறதே பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கு. எறங்குங்க... பாருங்க, அறுபது!"

அவனை எட்டுத் தடவை ஏற்றி இறக்கினாள். அறுபது, நூற்றிருபது, அறுபது, நூற்றிருபது. வேடிக்கை பார்த்த பஞ்சநதம் கோயில் ஏலம் மாதிரிக் கூடவே சத்தம் போட்டார். பிறகு சீட்டைக் கழற்றினார்கள். அடியில் ஒரு மரப்பலகை, பலகைக்கடியில் நசுங்கிய ஒயர். "இந்தப் பலகையை வச்ச புண்ணியவான் யாரு?" என்று கேட்டாள் அறிவுமதி. மாப்பிள்ளை, மறைக்காமல் எழுதுகிறேன், புண்ணியவான் நான்தான். மருதையனுக்கு இடுப்பு வலிக்கிறதே என்று பொங்கல் கழித்து நானே ஆணி அடித்து வைத்தேன். அன்றிலிருந்துதான் உங்கள் போனில் கோளாறும் ஆரம்பித்திருக்கிறது.

அம்சம் சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்தன. நான் மருதையன் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுதுப்பா" என்றேன். அவன் கையை உருவி என் முன்னால் நீட்டினான். "சாவியக் குடுங்கண்ணே, மேகம் நிக்குது" என்றான். அறிவுமதி ஒயரை மாற்றி, பலகை படாமல் ஓரமாகக் கட்டினாள். இருட்டுவதற்குள் மூன்று ஏக்கர் முடிந்துவிட்டது. மழை நாகப்பட்டினம் பக்கமே பெய்துவிட்டுப் போய்விட்டது. ஆகவே மருதையனை நிறுத்தும் பேச்சை நீங்கள் நிறுத்த வேண்டும் என்று மாமனார் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், உத்தரவிடவில்லை.

நெல் மூட்டை போல நிறைந்து, காவிரி போல வற்றாமல் (போன வருடக் காவிரி அல்ல) வாழ வாழ்த்தும்,
சிங்காரவேலு

பி.கு.: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போது வானதி பேசினாள். திருடனை நேரில் பிடிக்க நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்களாம், நாளைக் காலை திருச்சியில் இறங்குகிறீர்களாம். ஆகவே மேலே எழுதிய எதையும் பாய் கையில் நான் அனுப்பவில்லை; விமான நிலைய வாசலில் கையில் தருகிறேன், காரில் ஏறுவதற்கு முன் அங்கேயே நின்று படித்துவிடவும். ஏனென்றால் கார் ஓட்டி வருவது மருதையன்தான். அடுத்த மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம், உங்களுக்குப் பத்திரிகை கொண்டுவருகிறான். தலைமை என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறான். வேலையை விட்டுப் போன அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் அச்சடித்ததாம். "எதுக்குய்யா?" என்று கேட்டேன். "திருடன்னு சொன்னவருதாண்ணே முன்னாடி நின்னு நடத்தணும். அப்பதான் ஊரு வாய மூடும்" என்கிறான். வெள்ளைச் சட்டை எடுத்து வந்திருக்கிறீர்களா?